மகாத் மண்ணில் என் நண்பரின் நினைவு

வரலாறு என்றதும் நம் பிள்ளைகளின் நினைவுக்கு வருவன அரசர்களின் பெயர்களும் போர்கள் நடந்த ஆண்டுகளுமே. பாடநூல்களும் பெரும்பாலும் அவ்வாறே அமைந்துள்ளன. ஆனால் ஒடுக்கப்பட்ட மக்களாகிய நம்முடைய வரலாற்றின் பெரும்பகுதி, பெயர் எழுதி வைக்கப்படாத மனிதர்களால் நடத்தப்பட்டது. அவர்கள் எந்த ஊரில் பிறந்தார்கள், எந்தச் சாலையில் நடந்தார்கள், அதற்காக எதை இழந்தார்கள் என்பனவற்றை அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் வாய்மொழியாகவே நாம் அறிய வேண்டியுள்ளது. அத்தகைய ஒருவரின் பேரன் எனக்கு நெருங்கிய நண்பராக வாய்த்தார். அவர் இன்று நம்மிடையே இல்லை. அவருடைய முன்னோர் வாழ்ந்த மகாத் வட்டாரத்தில் சில நாட்கள் சுற்றிவரும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று சங்கப் பொறுப்பாளர்கள் பணித்தபோது, அந்த மண்ணையும் அந்த நண்பரையும் பற்றி எழுதுவதே பொருத்தம் என்று கருதினேன். ஏனெனில் நம் சங்கம் தொடங்கிய முதல் மாலைப் பள்ளியில் கரும்பலகையின் முன் நின்று கணக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர்களுள் அவரும் ஒருவர்.

நண்பர்

அவர் மராத்தியர், மகார் வகுப்பில் பிறந்தவர். மத்திய அரசுப் பணியில் மாற்றலாகி நம் ஊருக்கு வந்து, ஓய்வு பெறும் வரையில் இங்கேயே தங்கிவிட்டார். இரண்டே ஆண்டுகளில் தமிழ் பேசக் கற்றுக்கொண்டார். 'ழ'கரம் மட்டும் அவர் நாவுக்குக் கடைசிவரை வசப்படவில்லை. மராத்திய நாட்டில் ஆசிரியரைக் 'குருஜி' என்று அழைப்பது வழக்கம். என்னை அவ்வாறே அழைப்பார். நான் அவரைத் 'தாதா' என்பேன். அம்மொழியில் அது அண்ணன் என்று பொருள்படும். வீட்டு வாசலில் 'ஜெய் பீம்' என்ற குரல் கேட்டால் பிள்ளைகள் சிலேட்டையும் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு திண்ணைக்கு ஓடி வந்துவிடுவார்கள்.

அவரிடம் ஒரு தகரப் பெட்டி இருந்தது. அதில் பொன்னும் இல்லை, பொருளும் இல்லை. கல்வி உதவித்தொகை, விடுதிச் சேர்க்கை, கட்டணச் சலுகை ஆகியவை பற்றிய அரசாணைகளின் நகல்களை ஆண்டுவாரியாக அடுக்கி வைத்திருந்தார். தமிழில் வந்த ஆணைகளை என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, ஓரத்தில் மராத்தியில் குறித்துக்கொள்வார். "ஆணை வந்துவிட்டது என்று சொல்லாதீர்கள், குருஜி. அது யார் வீட்டு அடுப்படி வரைக்கும் வந்தது என்று சொல்லுங்கள்" என்பது அவர் அடிக்கடி கூறும் சொல்.

ஒரு முறை நம் தெருவைச் சேர்ந்த மாணவன் ஒருவனுக்குக் கட்டணச் சலுகை கிடையாது என்று ஓர் அலுவலகத்தில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். பையனின் தந்தை கூலித் தொழிலாளி. 'இல்லை' என்ற சொல்லைக் கேட்டதும் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிட்டார். மறுநாள் நண்பர் விடுப்பு எடுத்துக்கொண்டு, தந்தையையும் மகனையும் அழைத்துக்கொண்டு, ஆணையின் நகலுடன் அதே அலுவலகத்துக்குச் சென்றார். குரலை உயர்த்தவில்லை, யாரையும் பழிக்கவில்லை. பெஞ்சில் மாலை வரை அமர்ந்திருந்தார். விளக்கு ஏற்றும் நேரத்தில் கையொப்பம் கிடைத்தது. அந்த மாணவன் இன்று அரசுப் பணியில் இருக்கிறார். நம் சங்கத்தின் உறுப்பினரும் ஆவார்.

இந்தப் பழக்கம் உங்களுக்கு எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் கேட்டேன். "எங்கள் மகாத் குளத்திலிருந்து வந்தது" என்றார். அவருடைய பாட்டனார் 1927-ஆம் ஆண்டில் அண்ணல் அம்பேத்கருடன் அக்குளத்துக்கு நடந்து சென்ற கூட்டத்தில் ஒருவர் என்பதை அன்றுதான் அறிந்தேன். ஒருமுறை என்னை அங்கே அழைத்துச் செல்வதாகவும் கூறினார். ஆனால் ஓய்வு பெற்ற மறு ஆண்டே மாரடைப்பால் காலமானார். அவர் விரும்பியபடி நம் ஊர் மண்ணிலேயே எரியூட்டப்பட்டார். இறுதிச் சடங்குக்கு வந்திருந்த அவருடைய அண்ணன் மகன், "சித்தப்பா அழைத்துச் செல்வதாகச் சொன்ன இடத்துக்கு நான் அழைத்துச் செல்கிறேன்" என்று கூறிச் சென்றார். அரையாண்டு விடுமுறை ஒன்றில் அந்தப் பயணம் கைகூடியது.

கொங்கண மண்

மராத்திய மாநிலத்தில் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் அரபிக் கடலுக்கும் இடைப்பட்ட நீண்ட நிலப்பகுதியே கொங்கணம். 1998-ஆம் ஆண்டில் கொங்கண இரயில் பாதை முழுமையாகத் திறக்கப்பட்ட பிறகு, தென்னாட்டிலிருந்து அங்குச் செல்வது எளிதாயிற்று. செம்பாறாங்கல் மண், மழையோ மிகுதி, பள்ளங்களில் நெல்லும் மேடுகளில் மாவும் முந்திரியும் விளைகின்றன. மகாபலேசுவர மலையில் தோன்றும் சாவித்திரி ஆறு மகாத் நகரை ஒட்டி ஓடிக் கடலில் கலக்கிறது. 2016-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்து வெள்ளத்தில் இந்த ஆற்றின் மீதிருந்த பழைய பாலம் இடிந்து, பேருந்துகளுடன் பலர் அடித்துச் செல்லப்பட்ட செய்தியை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். வீர் என்னும் சிறிய இரயில் நிலையத்தில் இறங்கிய என்னை, நண்பரின் அண்ணன் மகன் 'ஜெய் பீம்' என்று கூறி வரவேற்றார். குரலும் சித்தப்பாவின் குரலாகவே இருந்தது.

இயற்கை வளம் மிக்க இந்த நாட்டில் நம்மவர் நிலை எவ்வாறு இருந்தது? நிலவரி வசூலிக்கும் உரிமை 'கோத்' எனப்படும் இடைத்தரகர்களிடம் இருந்தது. அரசுக்குச் செலுத்த வேண்டியதைச் செலுத்திவிட்டு, உழுபவரிடமிருந்து அதற்கும் மேலாகக் கறந்துகொள்ளும் முறை அது. மகார் மக்களுக்கோ இன்னொரு விலங்கும் இருந்தது. அதன் பெயர் 'வத்தன்'. ஊர்ச் செய்தி கொண்டு ஓடுதல், அதிகாரிகளுக்கு வழி காட்டுதல், இறந்த கால்நடைகளை அப்புறப்படுத்துதல் முதலான ஊழியங்களைப் பரம்பரையாகச் செய்தாக வேண்டும். கூலியாகக் கிடைப்பது சிறுதுண்டு நிலமும், ஊரார் மனமுவந்து கொடுத்தால் சிறிது தானியமும் மட்டுமே. நம் பக்கத்து வெட்டியான் ஊழியத்தை அறிந்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. நிலம் இருக்கிறது என்ற பெயரும் இருக்கும். ஊரை விட்டு அசைய முடியாத கட்டும் இருக்கும். இந்த முறையை மாற்ற 1928-ஆம் ஆண்டிலேயே அம்பேத்கர் பம்பாய்ச் சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார். கோத் முறையை ஒழிக்க 1937-இல் இன்னொரு மசோதா கொண்டுவந்தார். கோத் முறை 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தாலும், வத்தன் முறை 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் ஒழிந்தன. வத்தன் ஒழிந்தபோது அண்ணல் உயிருடன் இல்லை.

படைமுகாமில் கிடைத்த எழுத்து

இவ்வாறு கட்டுண்டு கிடந்த மக்களிடையே எழுத்தறிவு எவ்வாறு நுழைந்தது என்பது நம் இளைஞர்கள் கருத்தூன்றிக் கற்க வேண்டிய செய்தியாகும். கிழக்கிந்தியக் கம்பெனியின் பம்பாய்ப் படையில் மகார்கள் பெருமளவில் சேர்ந்தனர். 1818-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் பூனாவுக்கு அருகில் கோரேகாவில் பேஷ்வாவின் படையை எதிர்த்து நடந்த போரின் நினைவுத்தூணில், உயிரிழந்தோர் பெயர்களுள் 22 பெயர்கள் மகார்களுடையவை. 'நாக்' என்று முடியும் அப்பெயர்களைக் கொண்டே அவர்களை அடையாளம் காணலாம்.

அப்படையில் வீரர்களுக்கும் அவர்தம் பிள்ளைகளுக்கும் பள்ளிகள் இருந்தன. ஊர்ப் பள்ளியின் திண்ணையைக்கூட மிதிக்கவிடாத காலத்தில், படைமுகாமில் மகார் பிள்ளைகள் எழுத்துக் கற்றனர். அம்பேத்கரின் தந்தையார் இராம்ஜி சக்பால் அத்தகைய படைப்பள்ளியில் 14 ஆண்டுகள் தலைமையாசிரியராகப் பணியாற்றியவர். இந்தச் செய்தியைச் சொல்லும்போதெல்லாம் நண்பர் என் தோளைத் தட்டி, "அவரும் உங்கள் உத்தியோகம்தான், குருஜி" என்பார். அம்பேத்கர் 1891-இல் மோவ் படைநகரில் பிறந்தாராயினும், அவருடைய குடும்பத்தின் பூர்வீகம் இதே கொங்கணத்தில், மண்டண்கட் வட்டத்திலுள்ள அம்படவே என்னும் ஊராகும்.

படையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் தாபோலி முதலிய இடங்களில் குடியேறினார்கள். அவர்களுள் முதன்மையானவர் கோபால் பாபா வலங்கர். மகாத்துக்கு அருகிலுள்ள ராவ்துல் ஊரினர். மகாத்மா புலேயின் கருத்துகளில் ஈடுபாடு கொண்டவர். தீண்டாமைக்கு சாத்திர ஆதாரம் என்ன என்று வினவி 1888-இல் 'விடால் வித்வன்சக்' என்னும் நூலை வெளியிட்டார். 1890-களின் தொடக்கத்தில் ஆங்கில அரசு மகார்களைப் படையில் சேர்ப்பதை நிறுத்தியபோது, அதனை எதிர்த்து விண்ணப்பம் எழுதினார். அதே காலத்தில் நம் சென்னை மாகாணத்திலும் பறையர் முதலானோர்க்குப் படையின் கதவு பெரிதும் சாத்தப்பட்டது என்பதை இங்கே ஒப்பிட்டுக் காணலாம். படைக்கதவு சாத்தப்பட்டதும் சம்பளத்துடன் பள்ளியும் போயிற்று. ஆயினும் ஒரு தலைமுறை கற்ற எழுத்து அழிந்துவிடவில்லை. அது விண்ணப்பமாகவும் நூலாகவும் பத்திரிகைக் கடிதமாகவும் தொடர்ந்தது.

பத்திரிகைக் கடிதம் என்றேன். மகாத் பகுதியில் இராமச்சந்திர பாபாஜி மோரே என்னும் சிறுவனுக்கு அங்குள்ள உயர்நிலைப் பள்ளியில் இடம் மறுக்கப்பட்டது. தேர்வில் தேறிய அந்தச் சிறுவன் தனக்கு நேர்ந்ததைப் பத்திரிகைக்கு எழுதினான். அதன்பின் இடம் கிடைத்தது. ஆயினும் வகுப்பறைக்கு வெளியே அமர்ந்தே படிக்க வேண்டியிருந்தது. வெளியே அமர்ந்து படித்த அந்த மோரேதான் வளர்ந்த பிறகு 1927-ஆம் ஆண்டு மகாத் மாநாட்டைக் கூட்ட முன்னின்று உழைத்தார்.

தாளில் இருந்த உரிமை

1923-ஆம் ஆண்டு ஆகஸ்டு 4-ஆம் நாள் எஸ்.கே. போலே பம்பாய்ச் சட்டமன்றத்தில் ஒரு தீர்மானத்தைக் கொண்டுவந்து நிறைவேற்றினார். பொது நிதியால் கட்டப்பட்ட அல்லது பராமரிக்கப்படும் குளங்கள், கிணறுகள், பள்ளிகள், மருத்துவமனைகள் ஆகியவற்றைத் தாழ்த்தப்பட்டோரும் பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். அடுத்த ஆண்டு சனவரியில், சுரேந்திரநாத் திப்னிஸ் தலைமையில் இருந்த மகாத் நகராட்சி, தன் ஊரிலுள்ள சவதார் குளம் எல்லார்க்கும் உரியது என்று தீர்மானம் இயற்றியது.

நம் நாட்டிலும் இதே காலத்தில் இதே முயற்சி நடைபெற்றது. 1924-ஆம் ஆண்டில் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானம், பொதுச் சாலைகள், கிணறுகள், குளங்கள் முதலியவற்றில் எவரையும் தடுத்தலாகாது என்று கூறியது. பின்னர் 1930-இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் சீனிவாசன் அவர்களும் அம்பேத்கரும் அருகருகே அமர்ந்தார்கள். இருவரும் தத்தம் மாகாணத்தில் கண்ட அனுபவம் ஒன்றே. தீர்மானம் நிறைவேறும், அரசிதழில் அச்சாகும், ஊர்க் கிணற்றடியில் எதுவும் மாறாது.

மகாத்திலும் மூன்றாண்டுகள் அவ்வாறே கழிந்தன. 'சவதார்' என்ற மராத்திச் சொல்லுக்குச் சுவையுள்ளது என்று பொருள். நான்கைந்து ஏக்கர் பரப்புள்ள அந்த இனிய நீர்க்குளத்தில் பிற மதத்தவர் நீர் எடுக்கலாம். ஆடு மாடுகள் குடிக்கலாம். தாழ்த்தப்பட்டவன் மட்டும் தொடலாகாது. சந்தைக்கு வருபவர்களும், கச்சேரி வேலையாக வருபவர்களும் நாவறண்டு திரும்புவார்கள். எவரும் குளத்தில் இறங்கவில்லை. தீர்மானம் நகராட்சியின் பதிவேட்டில் இருந்தது; தாகம் மக்களிடம் இருந்தது.

1927 மார்ச்சு 20

1927-ஆம் ஆண்டு மார்ச்சு 19, 20 ஆகிய நாட்களில் மகாத்தில் கொலாபா மாவட்டத் தாழ்த்தப்பட்டோர் மாநாடு கூடியது. தலைமை தாங்கிய அம்பேத்கருக்கு அப்போது வயது 35. ஆயிரக்கணக்கானோர் கட்டுச்சோற்று மூட்டையுடன் கால்நடையாகவே மலையும் காடும் கடந்து வந்தனர். வந்தவர்கள் குடிப்பதற்கு ஊரில் நீர் இல்லை. மாநாட்டார் 40 ரூபாய் கொடுத்துத் தண்ணீரை விலைக்கு வாங்கினார்கள். எல்லார்க்கும் உரியது என்று தீர்மானிக்கப்பட்ட குளம் சில நூறடி தூரத்தில் இருக்க, நம்மவர் காசு கொடுத்து நீர் வாங்கினார்கள் என்ற இந்த ஒரு செய்தியே அன்றைய நிலையை விளக்கப் போதுமானது.

முதல் நாள் உரையில் அம்பேத்கர் வலியுறுத்தியவை எளியவை: இழிந்த ஊழியங்களை விடுங்கள், செத்த மாட்டிறைச்சியை விடுங்கள், பிள்ளைகளைப் படிக்க வையுங்கள். இரண்டாம் நாள் தீர்மானங்கள் முடிந்தபின், அனந்த் விநாயக் சித்ரே எழுந்து, நகராட்சியின் தீர்மானத்தை இப்போதே நடைமுறைக்குக் கொண்டுவருவோம் என்று அழைத்தார். மக்கள் வரிசையாக எழுந்து ஊர்த் தெருக்கள் வழியே குளத்துக்குச் சென்றார்கள். முதலில் அம்பேத்கர் இறங்கிக் கையால் நீரை முகந்து அருந்தினார். பின்னர் அனைவரும் அருந்தினர்.

இரண்டொரு மணி நேரத்தில், இவர்கள் வீரேசுவரர் கோயிலுக்குள்ளும் நுழையப் போகிறார்கள் என்ற பொய்ச்செய்தி ஊரில் பரப்பப்பட்டது. தடிகளுடன் வந்த கும்பல், மாநாட்டுப் பந்தலில் உணவருந்திக்கொண்டிருந்தவர்களையும் தனித்தனியே ஊர் திரும்பிக்கொண்டிருந்தவர்களையும் தாக்கியது. பலர் படுகாயமுற்றனர். எண்ணிக்கையில் மிகுந்திருந்த நம்மவர் திருப்பித் தாக்கியிருந்தால் மகாத் அன்று சுடுகாடாகியிருக்கும். அம்பேத்கர் அதனைத் தடுத்தார். வழக்குத் தொடரப்பட்டு, தாக்கியவர்களுள் ஐவருக்கு நான்கு மாதக் கடுங்காவல் தண்டனை கிடைத்தது. குளத்தின் 'தீட்டை'க் கழிக்க ஊரார் 108 குடம் நீரை எடுத்து, பசுஞ்சாணம், கோமியம், பால், தயிர் கலந்து மீண்டும் குளத்தில் ஊற்றினார்கள். நகராட்சியும் ஆகஸ்டு மாதத்தில் தன் பழைய தீர்மானத்தை விலக்கிக்கொண்டது.

டிசம்பர் மாநாடும் வழக்கும்

அதே ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள் இரண்டாம் மாநாடு கூடியது. இடம் தர எவரும் முன்வராதபோது பத்தே கான் என்னும் முகமதிய அன்பர் தம் நிலத்தை அளித்தார். பம்பாயிலிருந்து அம்பேத்கர் படகில் தாஸ்காவ் துறைக்கு வந்து, அங்கிருந்து ஐந்து மைல் தொண்டர்களுடன் நடந்தே மகாத்தை அடைந்தார். தம் முன்னுரையில் இம்மாநாட்டை 1789-ஆம் ஆண்டு பிரெஞ்சு தேசிய மன்றத்துடன் ஒப்பிட்டார். நாம் குளத்துக்குச் செல்வது நீர் குடிப்பதற்காக மட்டுமன்று, நாமும் மனிதரே என்று நிலைநாட்டுவதற்காக என்றார். அன்று இரவு, பிராமண குலத்தில் பிறந்த கங்காதர் நீலகண்ட சகஸ்ரபுத்தே முன்மொழிந்தபடி மனுஸ்மிருதி எரியூட்டப்பட்டது. 27-ஆம் நாள் பெண்களுக்கெனத் தனியே பேசி, கல்வி ஆண்களுக்கு மட்டும் உரியதன்று என்று அறிவுறுத்தினார்.

ஆனால் அம்முறை எவரும் குளத்தில் இறங்கவில்லை. குளம் தனியார் சொத்து என்று சிலர் வழக்குத் தொடர்ந்து, டிசம்பர் 14-ஆம் நாள் நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை பெற்றிருந்தனர். தடையை மீறிச் சிறை செல்லப் பலர் ஆயத்தமாக இருந்தனர். அம்பேத்கர் அவர்களைத் தணித்து, வழக்கை நடத்தி வெல்வோம் என்றார். அவ்வழக்கு கீழ் நீதிமன்றங்களைக் கடந்து உயர்நீதிமன்றம் சென்றது. 1937-ஆம் ஆண்டு மார்ச்சு 17-ஆம் நாள், தொன்றுதொட்ட வழக்கம் என்று எதிர்த்தரப்பார் கூறியது மெய்ப்பிக்கப்படவில்லை என்று கூறி, பம்பாய் உயர்நீதிமன்றம் நம்மவர்க்குச் சார்பாகத் தீர்ப்பு வழங்கியது. 1923-இல் சட்டமன்றம் கொடுத்த உரிமை உறுதிப்பட 14 ஆண்டுகள் சென்றன. இந்தக் கணக்கை நண்பர் மாலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கழித்தல் கணக்காகவே கொடுப்பார். விடை சொல்லும் பிள்ளையிடம், "இந்தப் பதினான்கு வருஷம் அவர்கள் என்ன செய்தார்கள்?" என்று அடுத்த கேள்வியையும் கேட்பார்.

பௌத்தவாடியில் ஒரு மாலை

நான் சென்றதும் டிசம்பர் 25-ஆம் நாளே. மனுஸ்மிருதி எரிக்கப்பட்ட இடத்தில் இன்று கிராந்தி ஸ்தம்பம் என்னும் நினைவுத்தூண் நிற்கிறது. நீலக்கொடிகளுடன் மக்கள் வந்துகொண்டிருந்தனர், பெண்களே மிகுதி. சவதார் குளத்துக்குக் கற்சுவரும் படிகளும் அமைத்து, அண்ணலின் சிலையும் நிறுவப்பட்டுள்ளது. படியில் இறங்கி நீரைத் தொட்டேன். தடுப்பார் ஒருவரும் இல்லை. சுற்றிலும் வீடுகளும் கடைகளும் வழக்கம்போல் இயங்கின. பள்ளிச் சிறுவர் சிலர் படியில் அமர்ந்து நிலக்கடலை தின்றுகொண்டிருந்தார்கள். இவ்வளவு எளிய ஒரு செயலுக்கா அவ்வளவு இரத்தம் என்று எண்ணத் தோன்றியது.

மாலையில் நண்பரின் பூர்வீகச் சிற்றூருக்குச் சென்றோம். முன்பு மகார்வாடா என்றிருந்த சேரி, 1956-ஆம் ஆண்டு நாகபுரி தம்மத் தீட்சைக்குப் பிறகு பௌத்தவாடி என்று அழைக்கப்படுகிறது. நெல் வயலைக் கடந்து ஊரின் ஓரத்தில் முப்பது நாற்பது வீடுகள். நண்பரின் பெரியம்மை முறையாகும் மூதாட்டி ஒருவர் இருந்தார். நான் யார் என்று அண்ணன் மகன் சொன்னதும், என் இரு கைகளையும் பற்றிக்கொண்டு, தன் பிள்ளை கடைசி நாட்களில் நன்றாகச் சாப்பிட்டானா என்று கேட்டார். சாப்பிட்டார், ஆஜி, என்றேன். நண்பர் பாட்டிமாரை அழைக்கும் சொல் அது என்று எனக்குத் தெரியும்.

பாட்டனாரின் கதையை அம்மூதாட்டியே சொன்னார். குளத்து நீரைக் குடித்துவிட்டுத் திரும்பும் வழியில் அவர் தோள் எலும்பு முறிய அடிக்கப்பட்டார். ஊர் வந்து சேர்ந்ததும் தண்டனை வேறு வடிவில் தொடர்ந்தது. கடையில் உப்பு கொடுக்கவில்லை. வயலில் வேலை கொடுக்கவில்லை. குத்தகை நிலம் பறிபோயிற்று. மகாத்திலிருந்து திரும்பிய பலரும் தத்தம் ஊர்களில் இத்தகைய கட்டுப்பாட்டுக்கு ஆளாயினர் என்பது வரலாறு. முறிந்த தோளுடன் பாட்டனார் பம்பாய்க்குச் சென்று துறைமுகத்தில் கூலியானார். ஒற்றை அறைக் குடியிருப்பில் எட்டுப்பேர் வாழ்ந்தனர். தெருவிளக்கில் மகன் எழுதப் படித்தார். பேரன் பட்டம் பெற்று, மத்திய அரசுப் பணியாளராகித் தமிழ்நாட்டுக்கு வந்தார். அப்பாட்டனாரின் பெயர் எந்த வரலாற்று நூலிலும் இல்லை. அன்று குளத்துக்கு நடந்தவர்களுள் ஒரு சிலர் நீங்கலாக எவர் பெயரும் இல்லை. ஆயினும் அவர்கள் நடக்காமல் இருந்திருந்தால் அண்ணல் ஒருவர் மட்டும் குளத்தில் இறங்கியதாகவே முடிந்திருக்கும். மற்றவர்க்கு அது உரிமையாகியிராது.

பாட்டனாருக்கு எழுதப்படிக்கத் தெரியாது என்று கேட்டபோது எனக்கு நண்பரின் தகரப் பெட்டி விளங்கியது. தீர்மானத்தைப் படிக்க இயலாதவர் அதற்காகத் தோளைக் கொடுத்தார். படிக்கத் தெரிந்த பேரன், ஒரு தாளைக்கூடப் பயனின்றிக் கிடக்கவிடுவதில்லை என்று வாழ்ந்தார்.

நம் இளைஞர்களுக்கு

இன்று நம்மிடம் அரசியலமைப்புச் சட்டம் இருக்கிறது. அதன் 15-ஆம் பிரிவு கடைகள், உணவு விடுதிகள், கிணறுகள், குளங்கள், சாலைகள் ஆகியவற்றில் எவரையும் தடுத்தலாகாது என்கிறது. 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழிக்கிறது. குளம், கிணறு என்ற சொற்கள் ஒரு நாட்டின் அரசியலமைப்பில் இடம்பெற்றிருப்பது ஏன் என்று வேற்று நாட்டார் வியக்கலாம். மகாத்தை அறிந்தவர்களுக்கு வியப்பு இராது. அந்தச் சட்டத்தின் வரைவுக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர், அக்குளத்தில் முதலில் கையை நனைத்தவரே.

ஆனால் சட்டமும் ஒரு தாளே. அதனைப் படிப்பவன் ஒருவன் வேண்டும். எடுத்துக்கொண்டு நடப்பவன் ஒருவன் வேண்டும். அடித்தாலும் நிதானம் இழவாது, தடை வந்தால் வழக்காடி, பத்தாண்டானாலும் பின்வாங்காதவன் ஒருவன் வேண்டும். மகாத்தில் இம்மூவரும் ஒரே இடத்தில் கூடினார்கள். படைப்பள்ளியின் எழுத்து, எழுதப்படிக்கத் தெரியாதவரின் கால்கள், வழக்கறிஞரின் பொறுமை ஆகிய மூன்றும் கூடியதாலேயே வெற்றி வந்தது. இவற்றில் ஒன்று குறைந்திருந்தாலும் 1924-ஆம் ஆண்டுத் தீர்மானம் செல்லரித்துப் போயிருக்கும்.

நம் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாகச் செய்துவருவதும் இப்பணியின் ஒரு சிறு பகுதியே. பட்டம் பெற்ற இளைஞர்களே, உங்கள் சான்றிதழ் உங்கள் வீட்டுச் சுவருக்கு அழகு செய்தால் மட்டும் போதாது. பக்கத்து வீட்டுத் தாய், உதவித்தொகை விண்ணப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே போவது என்று தெரியாமல் நிற்பாராயின், அவருடன் நீங்கள் செல்ல வேண்டும். 'இல்லை' என்ற சொல்லைக் கேட்டுக் கும்பிட்டுத் திரும்பும் தந்தையிடம், எந்த ஆணையின்படி இல்லை என்று கேட்கலாம் என்பதைக் கற்பிக்க வேண்டும். அண்ணலின் சிலைக்கு மாலையிடுவது நல்லது. அவர் நடந்த வழியில் இன்னொருவரைக் கைப்பிடித்து நடத்திச் செல்வது அதனினும் நல்லது.

நண்பரின் தகரப் பெட்டி, அவர் குடும்பத்தாரின் இசைவுடன், இப்போது நம் சங்க நூலகத்தில் இருக்கிறது. பழைய ஆணைகளுடன், அவை வெளிவந்த பின் வந்த புதிய ஆணைகளையும் சேர்த்து வைக்கும் பொறுப்பை நூலகக் குழு ஏற்றுள்ளது. ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்கு யார் வேண்டுமானாலும் வந்து படிக்கலாம்; படிக்கத் தெரியாதவர்களுக்கு மாணவர்கள் படித்துச் சொல்வார்கள். 1927-ஆம் ஆண்டு மகாத் நிகழ்ச்சிக்கு 2027-ஆம் ஆண்டில் நூற்றாண்டு நிறைவுறுகிறது. அதற்குள் நம் தெருவில் உரிய உதவித்தொகையைப் பெறாத மாணவர் ஒருவரும் இல்லை என்ற நிலையை நாம் உண்டாக்கினால், குளத்துக்கு நடந்த அந்தப் பெயர் தெரியாப் பெரியவருக்கும், அவர் பேரனுக்கும் நாம் செலுத்தும் நன்றி அதுவேயாகும்.